நாலரை வயசுப் பையனுக்கு வண்டி தேவையா? (ஸ்ட்ரோலரும் தீம் பார்க்கும் சேர்ந்து வளர்ந்த கதை)

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் போனிலேயே ஒரு சண்டை நடந்தது. ஒரு பக்கம் அம்மா. மறு பக்கம் டெக்சாஸில் இருக்கும் அக்கா. நடுவில் ஸ்பீக்கர் போனைப் பிடித்துக்கொண்டு நான்.

அக்கா, அத்தான், அவர்களின் நாலரை வயசுப் பையன் மூவரும் டிசம்பர் லீவில் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறார்கள். டிக்கெட் போட்டாயிற்று. பையனுக்கு ஸ்ட்ரோலர் (குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி) எடுத்துப் போகலாமா வேண்டாமா என்பதுதான் பிரச்சினை. அக்கா வேண்டும் என்கிறாள். அத்தான் "அவன் ஓடுற ஓட்டத்துக்கு வண்டி எதுக்கு?" என்கிறார். அம்மாவின் தீர்ப்பு வழக்கம்போல் மேல்முறையீடு இல்லாதது: "நாலரை வயசுத் தடியனை வண்டியில வெச்சுத் தள்ளுவாங்களாடி? உன்னை அந்த வயசுல கோயில் பிராகாரம் மூணு சுத்து நடக்க வெச்சேன்!"

அதுவரை சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் குரலைத் தணித்து ஒரு விஷயம் சொன்னாள். போன வருடம் அவர்கள் ஊர்ப்பக்கம் உள்ள ஒரு சின்ன தீம் பார்க்குக்கு வண்டி இல்லாமல் போயிருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பையன் அப்படியே தரையில் படுத்துவிட்டான். அத்தான் டிக்கெட் மாற்றும் வரிசையில் எங்கேயோ மாட்டிக்கொள்ள, பதினாறு கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு கார் நிறுத்தும் இடம் வரை அக்கா தனியாக நடந்திருக்கிறாள். முதுகு பிடித்து ஒரு வாரம் ஆபீஸ் போகவில்லை. "உனக்குச் சொன்னா கவலைப்படுவேன்னு சொல்லலம்மா" என்றாள். அம்மா பேசவில்லை.

எனக்குச் செமஸ்டர் பரீட்சைக்குப் படிப்பதைத் தவிர வேறு எது கிடைத்தாலும் ஆர்வம் பொத்துக்கொண்டு வரும் என்பது வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும் :-) காஸ்ட் அக்கவுண்டிங்கை மூடி வைத்துவிட்டு, இந்த வண்டி எங்கிருந்து வந்தது, தீம் பார்க்குக்குள் எப்படி நுழைந்தது என்று தோண்ட ஆரம்பித்தேன். ஒரு வாரம் போய்விட்டது. தோண்டியதில் எனக்குக் கிடைத்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு நடக்கத் தெரியுமா, வயசு எத்தனை என்பதெல்லாம் தவறான கேள்விகள். வண்டியைத் தேவையாக்குவது பெரும்பாலும் குழந்தை அல்ல, அந்த இடம்.

இப்போது கதைக்கு வருவோம்.

முதல் வண்டி குழந்தைக்காகச் செய்ததுதான், ஆனால் தேவைக்காகச் செய்ததில்லை. இங்கிலாந்தில் 1733 வாக்கில் டெவன்ஷயர் பிரபு குடும்பத்துக் குழந்தைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் ஒரு வண்டி வடிவமைத்தார். சிப்பி வடிவத்தில் இருக்கை, நல்ல அலங்காரம், இழுப்பதற்கு ஆடு மாதிரி ஒரு சிறு பிராணி! மனிதர் தள்ளும் வண்டியே அல்ல. பெரியவர்களின் சாரட்டைச் சின்னதாகச் செய்த மாதிரி. குழந்தை எங்கேயும் போக வேண்டிய அவசியம் இல்லை, தோட்டத்தைச் சுற்றி வந்தால் போதும்.

அப்புறம் நூறு வருடத்துக்கு மேல் ஆகி, விக்டோரியா ராணி காலத்தில்தான் பின்னாலிருந்து தள்ளும் வண்டி நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்தது. அதற்குப் பெயர் பெராம்புலேட்டர். சுருக்கமாக பிராம். லத்தீன் மூலத்தின்படி அந்த வார்த்தைக்கு "சுற்றி நடப்பவர்" என்று அர்த்தம் வருகிறது. உள்ளே இருப்பவர் நடக்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. (நம் ஊரில் நேர் எதிர். நடைவண்டி என்றால் குழந்தை பிடித்துக்கொண்டு நடக்கிற வண்டி. அம்மாவின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா?) 1877இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வில்லியம் வில்சன் ஆரம்பித்த சில்வர் கிராஸ் கம்பெனி இந்த பிராம்களுக்குப் பேர் போனது. அமெரிக்காவில் 1889இல் வில்லியம் ரிச்சர்ட்சன் என்பவர் தொட்டிலைத் திருப்பி வைக்கும்படி ஒரு வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். குழந்தை தள்ளுபவரைப் பார்த்தும் உட்காரலாம், முன்னால் பார்த்தும் உட்காரலாம்.

ஆனால் இவையெல்லாம் பெரிய, கனமான வண்டிகள். வீட்டு வாசலில் கிளம்பி பூங்கா வரை போய்த் திரும்புவதற்கு சரி. 1925இல் வந்த 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' என்ற ரஷ்யப் படத்தில் ஒடெஸா படிக்கட்டில் ஒரு பிராம் தானாக உருண்டு இறங்குமே, அந்த மாதிரி வண்டிதான். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற முடியாது.

அந்தக் காலத்துப் பொழுதுபோக்குப் பூங்காக்களில் சின்னக் குழந்தைகள் என்ன செய்தார்கள் என்று தேடினேன். நியூயார்க் பக்கத்தில் கோனி தீவு என்று கடற்கரை ஊர். 1897இல் ஸ்டீபிள்சேஸ், 1903இல் லூனா பார்க், 1904இல் ட்ரீம்லேண்ட் என்று வரிசையாகப் பூங்காக்கள் திறந்தார்கள். கூட்டத்தில் இளவட்டங்களும் காதலர்களும்தான் நிறைய. ஆனால் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். எப்படித் தெரியுமா? காட்சிப் பொருளாக!

மார்ட்டின் கூனி என்று ஒருவர். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை இன்குபேட்டர் பெட்டிகளில் வைத்து, பார்க்க வருபவர்களிடம் 25 சென்ட் கட்டணம் வாங்கினார். 1903இல் தொடங்கி 1943 வரை கோனி தீவில் இது நடந்தது. படித்தவுடன் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மேலே படித்தால் விஷயம் வேறு. அன்று பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இன்குபேட்டரே கிடையாது. அந்தக் குழந்தைகளைப் பிழைக்க வைக்க முடியாது என்று விட்டுவிடுவார்கள். கூனி பெற்றோரிடம் ஒரு பைசா வாங்கவில்லை. நர்ஸ் சம்பளம், மருந்து எல்லாமே அந்த 25 சென்ட் டிக்கெட்டிலிருந்துதான். ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தன. 1911இல் ட்ரீம்லேண்ட் தீப்பிடித்து எரிந்தபோதும் பெட்டியில் இருந்த குழந்தைகளைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்ட்ரோலருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் இதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

சின்னக் குழந்தையோடு குடும்பமாக வருகிறவர்களுக்காகவே ஒரு பூங்கா என்ற எண்ணத்தைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் வால்ட் டிஸ்னி. லாஸ் ஏஞ்சலஸில் கிரிஃபித் பார்க்கில் ஒரு குடைராட்டினம் உண்டு. மகள்கள் இரண்டு பேரும் அதில் சுற்ற, டிஸ்னி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாராம். குழந்தை விளையாடும்போது அப்பா அம்மாவுக்கு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேலை இல்லையே, இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒரு இடம் வேண்டாமா என்று தோன்றியதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். கலிஃபோர்னியாவில் அனஹைம் ஊரில் 160 ஏக்கர் வாங்கி, ஆரஞ்சு மரங்களை வெட்டி, 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்டைத் திறந்தார். திறப்பு நாளில் தார் சரியாகக் காயாமல் பெண்களின் ஹை ஹீல்ஸ் ரோட்டில் புதைந்த கதை பிரசித்தம்.

டிஸ்னி பெஞ்சில் உட்கார்ந்து கண்ட கனவு, ஆனால் கட்டியது என்னவோ நடக்கும் இடம்! ஒரே வாசல். உள்ளே போனதும் மெயின் ஸ்ட்ரீட் என்று ஒரு நீளத் தெரு. தெரு முடிவில் கோட்டை. அந்தக் கோட்டைக்கு அவர் வைத்த தொழில் பெயர் 'வீனி'. அதாவது சாசேஜ். வீட்டில் நாயை அறைக்கு அறை வரவழைக்க சாசேஜைக் காட்டுவாராம். அதேபோல தூரத்தில் ஒன்றைக் காட்டினால் ஜனங்கள் தானாக நடந்து வருவார்கள் என்பது அவர் கணக்கு. கோட்டைக்கு முன்னால் ஒரு வட்டம், அதிலிருந்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பாதை. ஒவ்வொரு பாதையின் கோடியிலும் இன்னொரு வீனி. நாலரை வயசுக் காலுக்கும் அதே தூரம்தான் என்பதை யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

இனி வருவது பி.காம். படிக்கிற எனக்குப் பிடித்த பகுதி. பொறுத்துக்கொள்ளவும்.

ஆரம்பத்தில் டிஸ்னிலேண்டில் உள்ளே நுழைய ஒரு கட்டணம், ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் கட்டணம். சீக்கிரமே கூப்பன் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று ரகம். 1959இல் 'ஈ' டிக்கெட் சேர்ந்தது, அதுதான் உசத்தி. கூப்பன் தீர்ந்தால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான், அல்லது மேலும் காசு போட வேண்டும். 1971இல் வால்டர் ஓய் என்ற பொருளாதாரப் பேராசிரியர் இதை வைத்தே ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். நுழைவுக் கட்டணத்தை ஏற்றி ரைடை மலிவாக்கினால் லாபமா, நுழைவைக் குறைத்து ரைடுக்கு ஏற்றினால் லாபமா என்பது கேள்வி. விலை நிர்ணயப் பாடத்தில் இருபகுதிக் கட்டணம் என்று வருமே, அதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் உதாரணம் இதுதான். எங்கள் சாரும் சொன்னார், நான்தான் தூங்கிவிட்டேன்.

டெக்சாஸில் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பூங்கா 1961இல் திறந்தபோதே ஒரே கட்டணம், உள்ளே எல்லாம் இலவசம் என்று வைத்துவிட்டது. டிஸ்னி 1982இல்தான் கூப்பனைக் கைவிட்டு முழுநாள் பாஸுக்கு மாறியது. இந்த மாற்றத்தைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் லாபக் கணக்கை எழுதுகிறார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. கூப்பன் காலத்தில் ஒரு குடும்பத்தின் நாளை முடித்து வைத்தது கூப்பன். பாஸ் வந்த பிறகு அடுத்த ரைடுக்குக் காசு கிடையாது. கொடுத்த பணத்துக்கு ராத்திரி வாணவேடிக்கை வரை பார்த்துவிட வேண்டும் என்றுதான் எந்த அப்பாவுக்கும் தோன்றும். (கொடுத்த பணம் திரும்பாது, அதை வைத்து முடிவெடுக்காதே என்று பாடத்தில் படிக்கிறோம். பரீட்சையில் மட்டும்தான் அது நடக்கும்.) ஆக, நாள் எப்போது முடியும் என்பதை இப்போது முடிவு செய்வது கூட்டத்திலேயே குட்டையான கால்கள். அது ஓய்ந்துவிட்டால் நாலு பேருக்கும் நாள் முடிந்தது.

தூரத்தையும் பாருங்கள். ஃபுளோரிடாவில் 1971 அக்டோபர் 1 அன்று மேஜிக் கிங்டம் திறந்தார்கள். அங்கே கார் நிறுத்தும் இடம் ஒரு ஏரிக்கு இந்தப் பக்கம், பூங்கா அந்தப் பக்கம். மோனோ ரயிலோ படகோ பிடித்துப் போக வேண்டும். 1982 அக்டோபர் 1 அன்று எப்காட் திறந்தார்கள். அதில் பல நாட்டுக் கட்டடங்கள் ஒரு ஏரியைச் சுற்றி இருக்கின்றன. ஒரு சுற்று மட்டும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குப் பெரியவர்கள் 10 கிலோமீட்டருக்கு மேல் நடப்பது சகஜம். நாம் ஒரு அடி வைத்தால் ஒரு மீட்டர் உயரப் பையன் கிட்டத்தட்ட இரண்டு அடி வைக்க வேண்டும். அம்மா சொன்ன மூணு பிராகாரச் சுற்றை நானும் மனசுக்குள் அளந்து பார்த்தேன். பெரிய கோயிலாகவே இருந்தாலும் இதன் பக்கத்தில் வராது. அதுவும் நடுவில் உட்கார்ந்து பிரசாதம் சாப்பிட்டிருப்பார்கள்.

சரி, வண்டி எப்படி இங்கே வந்தது? அதற்கு ஒரு தாத்தாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஓவன் மெக்லாரன் இங்கிலாந்துக்காரர். விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரக் கால் வடிவமைப்பில் பங்கு அவருக்கு உண்டு. ஓய்வு பெற்ற பிறகு, வெளிநாட்டிலிருந்து பேரக்குழந்தையோடு வந்த மகள் கனமான வண்டியோடு அல்லாடுவதைப் பார்த்திருக்கிறார். விமானம் மேலே ஏறியதும் கால் மடங்கி உள்ளே போகிறதே, அந்த மடிப்பு அவருக்கு அத்துப்படி. அலுமினியக் குழாயை வைத்துக் குடை மாதிரி மடங்கும் வண்டி செய்தார். எடை வெறும் 6 பவுண்டு, அதாவது 3 கிலோவுக்கும் குறைவு. 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1967இல் விற்பனைக்கு வந்தது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் மடக்கிய வண்டி. பஸ், ரயில், விமானம் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். வண்டி வீட்டு வாசலை விட்டு ஊர் தாண்டிப் போனது அப்போதுதான்.

ஒரு குறையும் சொல்லிவிட வேண்டும். 2009 நவம்பரில் மெக்லாரன் பெயரிலான கம்பெனி அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. விரிக்கும்போது கீல் இடுக்கில் குழந்தைகளின் விரல் நுனி துண்டான சம்பவங்கள் 12 என்று அப்போது அறிவித்தார்கள். கீலை மூட உறை கொடுத்தார்கள். எந்த வண்டியாக இருந்தாலும் விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தையைத் தள்ளி நிற்க வையுங்கள்.

மெக்லாரனுக்குப் பிறகு வண்டி மறுபடி பெருக்க ஆரம்பித்தது. 1980களில் அமெரிக்காவில் சைக்கிள் சக்கரம் மாட்டிய, தள்ளிக்கொண்டே ஓடும் வண்டி. 1990களின் கடைசியில் நெதர்லாந்திலிருந்து பூகாபூ. பிறகு இரட்டைக் குழந்தை வண்டி, இழுவை வண்டி, கப் ஹோல்டர், பை மாட்ட கொக்கி... தீம் பார்க்கில் பார்த்தால் பாதி வண்டியில் குழந்தை இருக்காது, பை இருக்கும் என்று அக்கா சொல்வாள். கடைசியில் 2019 மே 1 முதல் டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களில் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேற்பட்ட வண்டிக்கும், இழுவை வண்டிக்கும் தடை போட்டார்கள். அந்த மே 31 அன்றுதான் கலிஃபோர்னியாவில் ஸ்டார் வார்ஸ் பகுதி திறந்தது. கூட்டத்துக்கு வழி விட வேண்டுமே.

இப்போது அத்தான் கட்சிக்கு வருகிறேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தீம் பார்க்கில் அதிக நேரம் போவது வரிசையில். வண்டியைப் பொதுவாக வரிசைக்குள் விடமாட்டார்கள், வெளியே அதற்கென்று உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். ஆக, 45 நிமிடம் நிற்கும்போது வண்டி உதவாது. திரும்பி வந்தால் ஊழியர்கள் ஒழுங்குபடுத்துகிறேன் என்று வண்டியை நகர்த்தி வைத்திருப்பார்கள். ஒரே மாதிரி நூறு வண்டியில் நம்முடையதைத் தேட வேண்டும். அதற்காகவே ஜனங்கள் கலர் ரிப்பன் கட்டுகிறார்கள்.

இன்னொன்று, வெட்கம். 'செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெய்ன்' என்று 2014இல் வந்த ரைடில் ஏறக் குறைந்தபட்ச உயரம் 38 அங்குலம். எங்கள் பையன் அதைத் தாண்டிவிட்டான். மலை ரயிலில் கத்திக்கொண்டே இறங்கி வந்த 'பெரிய பையன்' அடுத்த நிமிடம் வண்டியில் உட்கார்ந்தால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்தான். ஆனால் பார்ப்பவர்களுக்கு என்ன தெரியும்? ஆட்டிசம் போன்ற காரணங்களால் வண்டி தேவைப்படும் பெரிய குழந்தைகளுக்கு, அதைச் சக்கர நாற்காலியாகவே கருதி வரிசைக்குள் அனுமதிக்கும் அடையாளச் சீட்டை டிஸ்னி பூங்காக்களில் கொடுக்கிறார்கள். அந்தத் தாய்மாரும் இதே சிரிப்பைத்தான் தாங்கவேண்டியிருக்கிறது. இதைப் படித்த பிறகு "தடியன்" என்ற வார்த்தையை நான் விட்டுவிட்டேன்.

உள்ளேயே வாடகைக்கு எடுக்கலாமே என்று அத்தான் ஒரு சமரசம் வைத்தார். கெட்டியான பிளாஸ்டிக் வண்டிகள் கிடைக்கும். ஆனால் வாடகை வண்டியைப் பூங்காவை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. காலையில் அது பரவாயில்லை. ராத்திரி வாணவேடிக்கை முடிந்து பையன் தூங்கிவிட்ட பிறகு, வாசலில் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகுக்கோ மோனோ ரயிலுக்கோ நிற்க வேண்டும், அப்புறம் கார் வரை நடக்க வேண்டும். அக்காவின் முதுகு போனது சரியாக இந்தக் கடைசித் தூரத்தில்தான். நாலு நாள் வாடகையைக் கூட்டிப் பார்த்தால் குடை மாதிரி மடங்கும் சாதா வண்டி ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்பதையும் சொன்னேன். காஸ்ட் அக்கவுண்டிங் ஒரு தடவையாவது உபயோகப்பட்டது.

ஒரு நாள் மட்டும் போய், மதியம் ஹோட்டலுக்குத் திரும்பித் தூங்கிவிட்டு வருகிற குடும்பமாக இருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நம் ஊர்ப் பொருட்காட்சி மாதிரி மூன்று மணி நேரத்தில் முடிகிற இடத்துக்கு நாலரை வயசுக்கு வண்டி வீண். ஆனால் இவர்கள் நாலு நாள், காலையிலிருந்து ராத்திரி வரை என்று பிளான் போட்டிருக்கிறார்கள். பிளானைக் குறை, இல்லாவிட்டால் வண்டியை எடு என்று அக்காவிடம் சொன்னேன். பிளானைக் குறைக்க அத்தான் சம்மதிக்கவில்லை. கொடுத்த காசாச்சே!

போன ஞாயிறு மறுபடி போன். மடக்கும் வண்டி வாங்கியாயிற்று, நீல நிறம், கைப்பிடியில் கட்ட மஞ்சள் ரிப்பனும் ரெடி என்றாள் அக்கா. பையன் அதில் தன் கரடி பொம்மையை உட்கார வைத்து வீடு முழுக்கத் தள்ளிக்கொண்டிருக்கிறானாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னது:

"சரி, முதுகைப் பாத்துக்கோ. ஆனா எனக்கு அனுப்புற போட்டோவுல அந்த வண்டி தெரியக் கூடாது."